ஹீலியத்தை எடுங்கள், அதற்காக இன்னொரு கிணறு தோண்டாதீர்கள்

பெறுநர்: காவிரிப் படுகையில் எரிவாயு எடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பாளர்கள், அதற்கு அனுமதி தரும் மத்திய, மாநில அரசுத் துறைகளின் அதிகாரிகள்.

ஐயா, அம்மா,

போன ஐப்பசியில் எங்கள் வயலில் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் வரப்பில் முக்காலி போட்டு, கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் போய் என்ன ஏது என்று கேட்டார். "ஹீலியம் பிளான்ட்டுக்குங்க. டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது. இனிமே வியாபாரத்துக்கு எடுக்கப் போறாங்க" என்றான் அதில் ஒரு பையன். எங்கே வருகிறது, எவ்வளவு இடம் வேண்டும், யார் உத்தரவு என்று கேட்டதற்கு, "லெவல் எடுத்துட்டு வரச் சொன்னாங்க, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, நாற்றுகளுக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய ஒரு முளைக்குச்சியை அடித்துவிட்டுப் போனார்கள். நடவுக்கு வந்த பெண்கள் அந்தக் குச்சியைச் சுற்றி நட்டுவிட்டுக் கரையேறினார்கள். பயிர் வளர்ந்து, கதிர் வந்து, அறுவடையும் முடிந்துவிட்டது. குச்சி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து இதைக் கேட்டேன். வந்திருந்த அலுவலருக்கு எதுவும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தில் "கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று எழுதினார்கள். அப்புறம் மனு கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹீலியம் வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். அது எதற்கு ஆகும் என்று இந்த வட்டாரத்தில் என்னைவிட அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. 23 வருடம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் டெக்னீசியனாக வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் மையத்தில். இப்போது ஓய்வு. மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் வட்டத்தில் அண்ணனோடு சேர்ந்து ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலத்தில் விவசாயம்.

எம்.ஆர்.ஐ. என்பது அடிப்படையில் ஒரு பெரிய காந்தம். அதன் கம்பிச்சுருள் மின்தடை இல்லாமல் வேலை செய்ய வேண்டுமென்றால், பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். அந்தக் குளிரைத் தரக்கூடிய திரவம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், ஹீலியம். எங்கள் இயந்திரத்தில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது ஹீலியம் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற எண்ணைத்தான். குளிர்விக்கும் பம்ப் இரவும் பகலும் 'கீச்... கீச்...' என்று ஒரு பறவை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நின்றால் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன். அது நின்றால் ஹீலியம் கொதித்து, கூரைக்குழாய் வழியாக வானத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தச் சத்தம் நின்றது. வெளியே இருந்த சில்லர் (பம்ப் சூடாகாமல் குளிர வைக்கும் இயந்திரம்) மேல் தகரக் கொட்டகை விழுந்து நொறுங்கிவிட்டது. மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர் சாலையெல்லாம் தென்னை மரம் கிடக்கிறது என்று திரும்பி வந்தார். டீசல் கிடைத்த பிறகும் சில்லர் இல்லாமல் பம்பை ஓட்ட முடியவில்லை. ஹீலியம் அன்று 84 சதவீதம். தினமும் எழுதி வைத்தேன்: 82, 79, 77... ஒன்பதாம் நாள் 61. இன்னும் கொஞ்சம் இறங்கினால் காந்தமே செயலிழந்துவிடும் என்ற நிலை. அதற்குள் சில்லரைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஹீலியம் வரவில்லை. சென்னையில் கேட்டால், கப்பலில் வர வேண்டிய சரக்கு இன்னும் வரவில்லை, இருப்பதைப் பெரிய மருத்துவமனைகளுக்குத்தான் முதலில் தர முடியும் என்றார்கள். மறுபடியும் ஸ்கேன் எடுக்க ஆரம்பிக்க 26 நாள் ஆயிற்று.

அந்த 26 நாளில் மரம் விழுந்து முதுகெலும்பு நசுங்கியவர்கள் வந்தார்கள். ஓடு பிரிக்க ஏறி விழுந்தவர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன ஒரு ஆச்சியைப் பேரன் மினி டெம்போவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தான். தஞ்சாவூருக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். "இங்க மிஷினு இருக்குல்ல தம்பி?" என்று ஆச்சி வாய் குழறக் கேட்டார். இருக்கிறது ஆச்சி, அதற்குள் ஊற்ற வேண்டியதுதான் இல்லை என்று சொன்னேன். அது எங்கிருந்து வரும் என்று பேரன் கேட்டான். கத்தாரிலிருந்து, அமெரிக்காவிலிருந்து என்றேன்.

அந்தப் பதில் அன்றைக்கே எனக்கு உறுத்தியது. ஏனென்றால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், குத்தாலத்தில், பூமியிலிருந்து வரும் எரிவாயுவில் ஹீலியம் கலந்திருக்கிறது என்பதும், கொல்கத்தாவில் அணு ஆராய்ச்சி செய்யும் சைக்ளோட்ரான் மையத்து விஞ்ஞானிகள் குத்தாலம் எரிவாயு சேகரிப்பு நிலையத்திலேயே ஒரு சோதனை ஆலை அமைத்து அதைப் பிரித்துக் காட்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வாயுவில் பத்தாயிரம் பங்கில் ஐந்தாறு பங்கு ஹீலியம். அழுத்தத்தை ஏற்றி இறக்கி, சல்லடை போன்ற துகள்கள் நிரப்பிய கலன்கள் வழியாக வாயுவைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், மீத்தேன், நைட்ரஜன் எல்லாம் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். ஹீலியம் எதிலும் ஒட்டாது, கடந்து போகும். அதைப் பிடித்து 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையாக்கினார்கள். கொல்கத்தாவிலிருந்து வந்து நம் கிராமத்துக் கொட்டகையில் அதைச் செய்து காட்டியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? சோதனை சோதனையாகவே நின்றது. மீதி வாயு தினமும் மின்நிலையத்துக்கும் ஆலைகளுக்கும் போய் எரிகிறது. ஹீலியம் எரியாது. மீத்தேன் எரிந்து மின்சாரமாகும்போது, ஹீலியம் புகைபோக்கி வழியாக அப்படியே வெளியேறும். அவ்வளவு லேசான வாயு அது, மேலே போய்க் கடைசியில் பூமியை விட்டே போய்விடும். மழையாக, மண்ணாக, எதுவாகவும் திரும்பி வராது. பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான வருடங்களாகச் சிதைந்து சேர்த்து வைத்தது அது. அதை நாம் நாள்தோறும் வானத்தில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். பத்தாயிரத்தில் ஐந்து என்று வைத்தால், ஒரு லட்சம் கன மீட்டர் எரிவாயுவில் 50 கன மீட்டர் ஹீலியம். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஆவியானால் முக்கால் கன மீட்டர் வாயு. ஆகவே எங்கள் இயந்திரத்தின் 1,500 லிட்டரை நிரப்ப ஏறத்தாழ 22 லட்சம் கன மீட்டர் எரிவாயுவிலிருந்து ஹீலியத்தைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஆகும் சேதாரத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். பெரிய எண்தான். ஆனால் அந்த வாயு எப்படியும் வெளியே வந்து எரியத்தான் போகிறது. அதை எரிப்பதற்கு முன் ஒரு நிலையத்தில் நிறுத்தி, ஹீலியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை மின்நிலையத்துக்கே அனுப்பலாம். வயலுக்கு ஒரு கெடுதலும் கூடுதலாக வராது. பாறையை உடைக்க வேண்டியதில்லை. புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. இந்த அளவில் நான் உங்கள் பக்கம்.

எங்கள் ஊர்க்காரர்கள் பலர் என் பக்கம் இல்லை. ஹீலியம் என்றாலே அணு உலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள். யுரேனியத்திலிருந்து பிறந்ததா, அப்படியானால் கதிர்வீச்சு வருமே என்று அண்ணியே என்னிடம் கேட்டார். ஹீலியத்துக்குக் கதிர்வீச்சு கிடையாது, பலூனில் அடைப்பதும் அதுதான் என்று விளக்கினேன். அவருக்குத் திருப்தி இல்லை. நியாயம்தான். இதை விளக்கி ஊர்ப்பயத்தைப் போக்க வேண்டியது ஓய்வு பெற்ற ஒரு டெக்னீசியனின் வேலையா, உங்கள் வேலையா?

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2011இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படிவ மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது, எங்களுக்கு அது பத்திரிகையில்தான் தெரிந்தது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் விளக்கினார். 2013 டிசம்பர் 30 அன்று, அந்தப் பிரச்சாரத்துக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்த இடத்தில்தான் அவர் உயிர் பிரிந்தது. 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டம், அதை எதிர்த்துப் போராட்டம். அதே ஆண்டு ஜூன் 30, கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். நான் மறுவாரம் போய்ப் பார்த்தேன். சேற்றின் மேல் கறுப்பு ஏடு படிந்திருந்தது. ஒரு பெரியவர் அதில் விரலைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, வேட்டியில் துடைக்க மனமில்லாமல் வாய்க்கால் புல்லில் துடைத்தார். 2023 மார்ச் கடைசியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் பட்டியல், அப்புறம் போராட்டம், அப்புறம்தான் பேச்சு. இந்த வரிசைக்குப் பழகிப்போன ஜனங்களிடம் சிவப்புக் குச்சியை நட்டுவிட்டுப் போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

எங்கள் நிலத்தின் கதையையும் சொல்கிறேன். ஒன்பது மாவில் குறுக்காக ஒரு எரிவாயுக் குழாய் போகிறது. 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி நிலம் எங்கள் பெயரில்தான் இருக்கும், பயனுரிமை மட்டும் அவர்களுக்கு. அதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதுவும் ஒரே ஒரு தடவை. பதிலுக்கு அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அப்பா இருந்தபோது குழாய் பதித்தவர்கள் மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாகக் கலந்து மூடிவிட்டுப் போனார்கள். மூடிய இடத்தில் இன்றைக்கும் தண்ணீர் நிற்காது, அடுத்த பாத்தியைவிட நெல் ஒரு முழம் குட்டையாகத்தான் வரும். அறுவடை சமயத்தில் மேட்டில் நின்று பார்த்தால் குழாய் எந்தத் திசையில் போகிறது என்று பயிரை வைத்தே சொல்லிவிடலாம். இதைச் சொல்லி எத்தனையோ தடவை எழுதினோம். "பயிர் இழப்பீடு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது" என்ற ஒரே பதில். பயிர் இழப்பீடு ஒரு போகத்துக்கு. மண் கெட்டது எத்தனை போகத்துக்கு என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

அண்ணனுக்கு ஒரு போர்வெல் போட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. குறுவைக்கு போர் இருந்தால்தான் நம்பி இறங்கலாம். நல்ல ஊற்று இருக்கும் என்று பார்த்துச் சொன்ன இடம் குழாய்ப் பட்டைக்குள் விழுந்தது. வேறு இடத்தில் போட்டார், உப்பாக வந்தது. இதற்கும் குழாய்க்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் நிலத்தில் எங்களுக்கு எது முடியும் எது முடியாது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சோதனையில் ஜெயிப்பது வேறு, அதை வியாபாரமாக நடத்துவது வேறு. கத்தார் வாயுவிலும் ஹீலியம் மிகக் குறைவுதான், பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவில். ஆனாலும் உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அங்கிருந்து வருகிறது. காரணம், அவர்கள் கப்பலில் அனுப்புவதற்காகக் கடல் அளவு எரிவாயுவைக் குளிர வைத்துத் திரவமாக்குகிறார்கள். மீத்தேன் திரவமானதும் ஹீலியம் மட்டும் மிச்சமாகி அங்கேயே திரண்டு நிற்கும். நம்மிடம் அந்த அளவு வாயு இல்லை. காவிரிப் படுகையில் இருப்பவை சிதறிக் கிடக்கும் சிறு கிணறுகள், அவற்றில் பல பழையவை. எரிவாயுக் கிணறு பசு மாதிரி, வருடம் ஆக ஆகக் கறவை குறையும். அப்படியிருக்க, கோடிக்கணக்கில் பணம் போட்டு ஹீலியம் ஆலை கட்டினால், ஐந்து வருடத்தில் வாயு குறையும்போது என்ன செய்வீர்கள்? ஆலையைச் சும்மா விடுவீர்களா? "நாட்டுக்கு ஹீலியம் முக்கியம், ஆலைக்கு வாயு போதவில்லை" என்று சொல்லிப் புதுக் கிணறு கேட்டு வருவீர்கள். அப்போது மருத்துவமனையையும், மகேந்திரகிரியில் ராக்கெட் இஞ்சின் சோதிப்பதையும் காட்டி எங்கள் வாயை அடைப்பீர்கள். ஆச்சியின் பேரனுக்கு நான் சொன்ன பதிலையே எனக்கு எதிராகத் திருப்புவீர்கள். எனக்கு இருக்கும் பயமெல்லாம் இது ஒன்றுதான்.

இந்தப் பயத்துக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படிவ மீத்தேன், ஷேல் வாயு, இவை போன்ற பிற ஹைட்ரோகார்பன்களைப் புதிதாகத் தேடவும் துளையிடவும் எடுக்கவும் தடை போட்டது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகளுக்கு அது பொருந்தாது. ஹீலியம் ஹைட்ரோகார்பன் இல்லை. அதில் கார்பனும் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை. இன்னொரு பக்கம், 2025இல் திருத்திய மத்திய எண்ணெய் வயல் சட்டம் கனிம எண்ணெய் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, ஹீலியத்தை அதற்கு வெளியே வைத்துவிட்டது. ஆக, மாநிலச் சட்டத்தின் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை, மத்தியச் சட்டத்தின் விளக்கத்துக்குள்ளும் அது இல்லை. நாளைக்கு யாராவது "நாங்கள் தோண்டுவது எரிவாயுவுக்கு இல்லை, ஹீலியத்துக்கு" என்று ஒரு விண்ணப்பத்தோடு வந்தால், பாதுகாக்கப்பட்ட மண்டலத்தின் வேலி அந்த இடத்தில் திறந்து கிடக்கிறது. ஹீலியத்தோடு மீத்தேனும் வரும், வந்ததை வீணாக்கலாமா என்று அதையும் குழாயில் விடுவார்கள். மாடு நுழைய ஒரு சந்து போதும், வயல் வைத்திருப்பவனுக்கு அது தெரியும்.

மக்களிடம் கேட்கும் வழக்கமும் குறைந்துகொண்டே வருகிறது. 2020 ஜனவரி 16 அன்று வந்த திருத்தத்தில், எண்ணெய், எரிவாயு தேடும் பணிகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். உற்பத்திக்கு மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். பிரிப்பு ஆலைதானே, கிணறு இல்லையே, இதற்கு எதற்குக் கருத்துக்கேட்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆலைக்கு வாயு கொண்டுவரும் குழாய் எங்கள் வயல் வழியாகத்தான் வரும். அழுத்தம் ஏற்றும் இயந்திரங்களின் சத்தம் இரவில் எங்கள் வீட்டுக்குத்தான் கேட்கும். கோளாறு வந்து வாயுவைக் கொளுத்தி விட்டால் அந்த வெளிச்சத்துக்கு வரும் பூச்சி எங்கள் பயிரில்தான் இறங்கும்.

இப்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன். இவை என் ஒருவனுடைய கோரிக்கைகள் இல்லை. அண்ணனோடும் வாய்க்கால் கமிட்டியில் இருப்பவர்களோடும் நாலைந்து ராத்திரி உட்கார்ந்து பேசி எழுதியவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஹீலியத்துக்காக டெல்டாவில் ஒரு புதுக் கிணறுகூடத் தோண்ட மாட்டோம், இருக்கும் கிணற்றை ஆழப்படுத்தவும் மாட்டோம், பாறை உடைக்கும் முறை எதையும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். இப்போது வந்துகொண்டிருக்கும் வாயு குறைந்தால் ஆலையும் அதோடு குறைய வேண்டும், வாயு நின்றால் ஆலையும் நிற்க வேண்டும். இது அனுமதி ஆணையிலேயே ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. முதலீடு திரும்பி வராது என்றால், அதைக் கட்டுவதற்கு முன்னாலேயே கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். இடம் பெயர்த்து எடுத்துப்போகும்படியான சிறு ஆலையாகக் கட்டினால் இந்தத் தொல்லையே வராது என்பது என் எண்ணம்.

மாநில அரசுக்கு: 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில், ஹீலியத்துக்காகப் புதிதாகத் துளையிடுவதையும் பெயர் சொல்லிச் சேருங்கள். ஒரு வரித் திருத்தம் போதும்.

பிரிப்பு வேலையை ஏற்கெனவே நிறுவனத்திடம் இருக்கும் நிலையத்தின் சுற்றுச்சுவருக்குள்ளேயே செய்யுங்கள். புதுக் குழாய் வேண்டவே வேண்டும் என்றால், ஒரு தடவை 10 சதவீதம் என்ற கணக்கோடு நிறுத்தாமல் ஆண்டு வாடகை கொடுங்கள். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, தனியாக மூடுங்கள். இதற்கு முன்பு பதித்த குழாய்ப் பட்டைகளில் மண்ணின் நிலையையும் விளைச்சலையும் அடுத்த பாத்தியோடு ஒப்பிட்டு, வேளாண் பல்கலைக்கழகத்தை வைத்து அளந்து, அதற்கான இழப்பீட்டைப் போகத்துக்குப் போகம் கொடுங்கள். எங்கள் வயலிலிருந்தே தொடங்கலாம், அளக்க வருபவர்களுக்கு அண்ணி சாப்பாடு போடுவார்.

நிலையத்துக்கு வரும் வாயுவில் ரேடான் (யுரேனியம் சிதையும்போது உண்டாகும் கதிர்வீச்சுள்ள வாயு) இருக்கிறதா என்று அளந்து, சுற்றுவட்டாரப் போர்களின் தண்ணீரையும் ஆலை தொடங்குவதற்கு முன்பே சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். தொடங்கிய பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை அதே இடங்களில் மறுபடியும் சோதியுங்கள். முதல் அளவு இல்லாமல் பின்னால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. நாங்களும் முடியாது, நீங்களும் முடியாது.

எடுக்கும் ஹீலியத்தில் ஒரு பங்கை டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளுக்கு ஒதுக்குங்கள். புயல் மாதங்களான ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ நிரப்பிய கலன்கள் கையிருப்பில் இருக்க வேண்டும். எங்கள் மண்ணிலிருந்து வந்தது எங்கள் ஊர் இயந்திரத்துக்கு அவசரத்தில் கிடைக்கவில்லை என்ற நிலை இனி வரக் கூடாது.

கடைசியாக, ஊருக்கு வாருங்கள். திட்ட அறிக்கையைத் தமிழில் அச்சடித்து, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே குத்தாலம் வட்டத்தின் எல்லா ஊராட்சி அலுவலகங்களிலும் வையுங்கள். மருத்துவம் தெரிந்த ஒருவர், மண் தெரிந்த ஒருவர், கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் என்று மூன்று பேரும் வர வேண்டும். கேள்வி கேட்கும் பெண்களுக்கு மைக் கொடுங்கள், நடவிலும் களையெடுப்பிலும் அந்த வயலில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான். கூட்டத்தை அறுவடை மும்முரத்திலும் நடவு மும்முரத்திலும் வைக்காதீர்கள்.

வருகிற மே 1 கிராம சபைக்கு முன் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன்னால், எங்கள் வயலில் யாரைக் கேட்டு அந்தக் குச்சியை நட்டீர்கள் என்று சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால், ஆளை அனுப்பிப் பிடுங்கிக்கொண்டு போங்கள். குறுவைக்கு உழவு ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
குத்தாலம் வட்டத்து விவசாயி,
ஓய்வு பெற்ற எம்.ஆர்.ஐ. டெக்னீசியன்